ஏழாம் வகுப்பு இயற்கணிதமும் வீட்டுக்குப் போகும் செய்தியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நடுநிலை வகுப்புகளில் கணிதம் எடுக்கும் ஆசிரியர் ஒருவர், ஒரு பிள்ளையின் கணித நிலையைப் பெற்றோரிடம் எந்த வடிவில், எவ்வளவு அடிக்கடி, எந்த அளவுக்கு விரிவாகச் சொன்னால் அது வீட்டில் பயன்படும் என்பதே இந்த ஆய்வின் பொருள். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது திருப்பூரை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பு. அங்கு 6, 7, 8 ஆகிய மூன்று வகுப்புகளுக்கும் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருப்பது நான் ஒருத்திதான். முதல் பருவத்தில் இயற்கணிதப் பாடம் நடந்த வாரங்களில், ஒரு மாணவியையும் அவருடைய குடும்பத்தையும் மையமாக வைத்து நான் கவனித்தவற்றைப் பதிவு செய்கிறேன். மாணவியின் பெயரையும் பள்ளியின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். பாடநூல் மாறிக்கு, அதாவது மதிப்புத் தெரியாத எண்ணுக்கு, ஆங்கில எழுத்தைப் பயன்படுத்துகிறது. இக்கட்டுரையில் எல்லா இடத்திலும் ‘க’ என்றே எழுதியுள்ளேன்.

பெற்றோருக்கு இதுவரை கிடைத்துவந்தது

பெற்றோரிடம் பிள்ளையின் முன்னேற்றத்தைச் சொல்வது ஆசிரியரின் விருப்பத்தைப் பொறுத்த காரியம் அன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்தும்போது, பெற்றோருடன் முறையாகக் கூட்டம் நடத்தி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்துள்ள முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்கிறது. நடைமுறையில் இந்தக் கடமை தரநிலை அட்டையோடு முடிந்துவிடுகிறது. 2012-13 முதல் நடைமுறையில் உள்ள முப்பருவ முறைப்படி, பருவத்தின் நடுவே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டு, மொத்தம் 33 முதல் 40 வரை இருந்தால் ‘டி’, 41 முதல் 50 வரை இருந்தால் ‘சி 2’ என்று ஒன்பது தரங்களில் ஒன்று அட்டையில் ஏறுகிறது. முதல் பருவத்தின் தரம் பெற்றோர் கைக்கு வரும்போது அந்தப் பருவம் முடிந்திருக்கும். இயற்கணிதப் பாடமும் அதோடு முடிந்திருக்கும். ‘டி’ என்ற எழுத்தைப் பார்க்கும் தாய்க்குத் தம் மகள் கணக்கில் பின்தங்கியிருக்கிறாள் என்பது தெரியும். எதில், எந்த இடத்தில், இன்று இரவு என்ன செய்தால் அது மாறும் என்பவற்றில் ஒன்றுகூடத் தெரியாது.

எங்கள் பள்ளியின் பெற்றோர் பெரும்பாலும் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். டெய்லர், செக்கிங், கைமடி, அயர்ன், பேக்கிங் என்று ஏதேனும் ஒரு பிரிவில் இருப்பார்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாள்களில் காலை எட்டரை மணிக்குப் போனவர்கள் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்புவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடந்தால், வருவதற்கு அரை நாள் கூலியை விட வேண்டும். அழைத்தும் வராத பெற்றோரை அக்கறையில்லாதவர்கள் என்று சொல்வது ஆசிரியர்கள் நடுவே வழக்கமாகிவிட்டது. அந்தப் பேச்சு எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமையில் போய்ச் சேரும்படி செய்தியை அனுப்புவது நம் வேலை.

மாணவியின் நிலை

ஆய்வுக்குரிய மாணவி ஆறாம் வகுப்பு வரை கணக்கில் இடைநிலையில் இருந்தவர். நான்கு அடிப்படைச் செயல்களும் பிழையின்றி வரும். பின்னத்தில் சற்றுத் தடுமாற்றம் உண்டு. ஏழாம் வகுப்பில் எளிய சமன்பாடுகள் தொடங்கிய பிறகு அவருடைய நோட்டில் இரண்டு பிழைகள் மாறிமாறி வந்தன.

முதலாவது, 3க + 5 என்பதை 8க என்று எழுதுவது. ஒத்த உறுப்புகளை மட்டுமே கூட்டலாம் என்று பாடம் சொன்னாலும், கூட்டல் குறி நடுவே நிற்கும் ஒன்றை முடிந்த விடையாக ஏற்க அவருக்கு மனம் வரவில்லை. இந்தப் பிழை உலகெங்கும் இயற்கணிதம் தொடங்கும் பிள்ளைகளிடம் காணப்படுவது. ஐந்தாறு ஆண்டுகளாகக் கூட்டல் குறியைக் கண்டவுடன் கூட்டி முடித்தே பழகிய கை வேறு எதைச் செய்யும்? 

இரண்டாவது பிழைதான் இந்த ஆய்வுக்குக் காரணம். க + 7 = 12 என்றால் க = 12 − 7 = 5 என்று சரியாகச் செய்வார். 2க = 10 என்று கொடுத்தால், க = 10 − 2 = 8 என்று எழுதுவார். வகுப்பில் விளக்கினால் சரியாகிவிடும். மறுநாள் வீட்டுப்பாடத்தில் மீண்டும் கழித்திருப்பார். காரணத்தைத் தேடியபோது, மாலையில் அவர் போகும் தெருக்கோடி டியூஷனில் ‘பக்கம் மாறினால் குறி மாறும்’ என்ற ஒற்றை வரியை மனப்பாடமாகச் சொல்லித்தந்திருப்பது தெரிந்தது. அந்த வரி கூட்டலுக்கும் கழித்தலுக்கும் ஒத்துப்போகிறது. மாறியைப் பெருக்கும் எண்ணாக, அதாவது கெழுவாக, ஒட்டிக்கொண்டிருக்கும் 2 என்ற எண்ணுக்கு முன்னால் குறி எதுவும் தெரியாததால், பிள்ளை அதைக் கூட்டல் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த பக்கம் போகும்போது கழித்தலாக மாற்றிவிடுகிறது. இருபுறமும் ஒரே செயலைச் செய்தால் சமநிலை குலையாது என்ற கருத்தைப் பாடநூல் பொறுமையாகக் கட்டி எழுப்புகிறது. குறுக்குவழி அந்தக் கருத்தை மூடிவிடுகிறது.

மாணவியின் தாய் பவர் டேபிள் டெய்லர், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தந்தை சரக்கு வண்டி ஓட்டுவதால் வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். வீட்டின் ஒரே திறன்பேசியும் அவரிடமே இருக்கும். பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் நாம் போடும் எதுவும் அந்தத் தாயின் கண்ணில் படுவதில்லை. ஒரு சனிக்கிழமை மாலை கடைவீதியில் எதிர்ப்பட்டபோது அவர் கேட்டது இதுதான்: “நோட்டைத் தினமும் எடுத்துப் பாக்கறேனுங்க டீச்சர். செவப்பு மையில கோடு போட்டிருக்குது, அது தெரியுது. எதுக்குப் போட்டிருக்கீங்கன்னு தெரியறதில்லீங்க.” தினமும் நோட்டை எடுத்துப் பார்க்கும் தாய்க்கு நம் செய்தி எட்டவில்லை என்றால், செய்தியின் வடிவத்தை மாற்றியே ஆக வேண்டும்.

சீட்டு

முடிவு செய்த வடிவம் எளியது. வெள்ளிக்கிழமைதோறும் அரைத்தாள் அளவில் ஒரு சீட்டு பிள்ளையின் கையில் போகும். திங்களன்று திரும்பி வரும். மேல் பகுதியில் அந்த வாரம் நடந்த பாடத்தைக் கரும்பலகையைப் பார்த்துப் பிள்ளையே எழுதும். நடுப்பகுதியில், பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று நான் எழுதுவேன். கீழ்ப்பகுதியில் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்து காட்ட வேண்டிய ஒரே ஒரு கணக்கு இருக்கும். மாணவியின் வீட்டுக்குப் போன சீட்டுகளில் ஒன்று இப்படி இருந்தது:

“கூட்டலும் கழித்தலும் வரும் சமன்பாடுகளை உங்கள் மகள் சரியாகச் செய்கிறாள். 2க = 10 போலப் பெருக்கல் வந்தால், வகுப்பதற்குப் பதிலாகக் கழித்துவிடுகிறாள். ஞாயிறு அன்று 3க + 4 = 19 என்ற கணக்கை உங்கள் முன் செய்யச் சொல்லுங்கள். ‘க’வுக்கு ஓர் எண் விடையாக வரும். அந்த எண்ணை மூன்றால் பெருக்கி, நான்கைக் கூட்டி, 19 வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். வந்தால் சரி. வராவிட்டால் நீங்கள் எதுவும் சொல்லித்தர வேண்டாம். அழிக்காமல் அப்படியே விடச் சொல்லுங்கள். திங்களன்று நான் பார்த்துக்கொள்கிறேன்.”

சீட்டின் உயிர் அந்தச் சரிபார்ப்பில் இருக்கிறது. வரலாற்றிலோ மொழிப்பாடத்திலோ பிள்ளை எழுதியது சரியா என்று பார்க்க, பார்ப்பவருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். சமன்பாட்டுக்கு அது தேவையில்லை. விடையைத் திரும்பப் பொருத்தினால் கணக்கே தன்னைச் சரி என்றோ தவறு என்றோ காட்டிவிடும். க = 12 என்று பிள்ளை சொன்னால், மூன்று பன்னிரண்டு முப்பத்தாறு, நான்கு சேர்த்தால் நாற்பது; பத்தொன்பது வரவில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெருக்கல் வாய்ப்பாடு போதும். இயற்கணிதத்தை ஒருநாளும் படிக்காத தாய், இயற்கணிதம் படிக்கும் மகளின் நிலையைத் தம் கண்ணாலேயே அறிந்துகொள்ள ஒரு வழி அந்தப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பெற்றோர் கையில் கொடுக்காமல் மதிப்பெண்ணை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

‘சொல்லித்தர வேண்டாம்’ என்ற வரியைச் சேர்க்கக் காரணம் உண்டு. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஏரின் மலோனி, சியான் பெய்லாக் முதலானோர், கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகள் அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகவே கற்றனர் என்றும், கணக்கின் மீதான அச்சமும் அப்பிள்ளைகளிடம் கூடியது என்றும் கண்டனர். அது சிறிய வகுப்புகளைப் பற்றியது என்றாலும், நம் வீடுகளில் உதவி எப்படித் தொடங்கி எங்கே முடிகிறது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். இரண்டு முறை சொல்லிப் புரியாவிட்டால் மூன்றாவது முறை குரல் உயர்கிறது. சரிபார்க்கும் பொறுப்பைப் பெற்றோருக்கும், கற்பிக்கும் பொறுப்பை எனக்கும் பிரித்துவைத்தது அதற்காகத்தான்.

சீட்டின் முதல் வரி பிள்ளைக்கு வருவதைச் சொல்ல வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தேன். பள்ளியிலிருந்து செய்தி வந்தால் அது புகாராகத்தான் இருக்கும் என்ற எண்ணம் பெற்றோரிடம் ஊறிப்போயிருக்கிறது. புகார் போன இரவில் பிள்ளை அடி வாங்குவதும் நடக்கிறது. அந்த முதல் வரி வெறும் பாராட்டாக இருந்தால் பயனில்லை. ‘நல்ல பிள்ளை, முயன்றால் முடியும்’ என்று எழுதினால் தாய்க்கு எதுவும் தெரியாது. ‘கூட்டல் வரும் சமன்பாடு சரியாக வருகிறது’ என்பதில் ஒரு செய்தி இருக்கிறது.

வீட்டில் நடந்தது

தொடக்கத்தில் சீட்டுகள் கையொப்பத்தோடு மட்டும் திரும்பின. கையொப்பம் எதையும் காட்டுவதில்லை. ஆகவே சீட்டின் பின்பக்கத்தில் ‘வீட்டில் என்ன சொன்னார்கள்’ என்று ஒரு இடம் விட்டு, அதைப் பிள்ளையே எழுதி வரட்டும் என்றேன். எழுதத் தயங்கும் பெற்றோருக்கும் இதனால் சங்கடம் இல்லை.

மாணவி எழுதி வந்தவற்றில் ஒன்று என் பாடத்தையே சற்று மாற்றியது. அந்த வாரச் சீட்டில் கூலிக் கணக்கு ஒன்றைக் கொடுத்திருந்தேன்: ஒரு டஜனுக்கு 18 ரூபாய் வீதம் தைத்தவரின் வாரக் கூலியில் அட்வான்ஸுக்காக 500 ரூபாய் பிடித்தது போக 1,660 ரூபாய் கையில் வந்தது, எத்தனை டஜன் தைத்தார்? மாணவி 18க − 500 = 1660 என்று சரியாக எழுதிவிட்டு அங்கேயே நின்றிருக்கிறார். தாய் தாளைப் பார்க்காமல், கேள்வியைக் காதால் கேட்டுவிட்டுச் சொன்னதை மாணவி அப்படியே எழுதியிருந்தார்: “பிடிச்சதை மொதல்ல சேத்திக்கோணும் கண்ணு. அப்பத்தான் மொத்தக் கூலி தெரியும். அப்புறம் பதினெட்டால வகுத்தா டஜன் வந்துரும்.” அதாவது 1660 + 500 = 2160; 2160 ÷ 18 = 120. இருபுறமும் 500ஐக் கூட்டு, இருபுறமும் 18ஆல் வகு என்று கரும்பலகையில் நான் எழுதும் இரண்டு படிகளையும், அதே வரிசையில், ஏன் அந்த வரிசை என்ற காரணத்தோடு அவர் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளக் கவரை எண்ணிச் சரிபார்ப்பவருக்கு அது பழகிய கணக்கு. பதினெட்டைக் கழிக்க வேண்டும் என்று அவர் ஒருபோதும் நினைக்க மாட்டார். டஜனுக்கு இவ்வளவு என்பது பெருக்கல் என்று அவருக்குத் தெரியும். மகளின் பிழைக்கு மருந்து அந்த வாக்கியத்தில் இருந்தது. திங்களன்று வகுப்பில் 2க என்பதை ‘ஒன்றுக்கு இரண்டு வீதம், க எண்ணிக்கை’ என்று படிக்கச் சொன்னேன்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. கூலிக் கணக்கின் அறிவு, மாறி ஓரிடத்தில் மட்டும் வரும் சமன்பாட்டுக்கு உதவுகிறது. 5க − 4 = 2க + 11 என்று இருபுறமும் மாறி வந்தால், முடிவிலிருந்து பின்னோக்கி நடக்கும் அந்த முறை செல்லாது; அங்கே சமநிலைக் கருத்து இல்லாமல் நகர முடியாது.

சீட்டு எதிர்பாராத இன்னொரு கைக்கும் போனது. தாய் அதை டியூஷன் நடத்தும் பெண்ணிடம் காட்டியிருக்கிறார். கல்லூரியில் படித்துக்கொண்டே மாலையில் பாடம் சொல்லித்தரும் அந்தப் பெண், ‘பக்கம் மாறினால்’ என்ற வரியை விட்டுவிட்டு, விடையைப் பொருத்திப் பார்க்கும் பழக்கத்தைத் தம்மிடம் வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்படுத்தத் தொடங்கியதாக மாணவி சொன்னார். டியூஷனோடு நாம் மோதிக்கொண்டிருந்த இடத்தில் இந்த அரைத்தாள் வேலை செய்தது.

வேறு ஊர்களின் அனுபவம்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 22 நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் பீட்டர் பெர்க்மனும் எரிக் சானும் நடத்திய சோதனை 2021இல் வெளியானது. ஒப்படைக்காத வீட்டுப்பாடம், வகுப்புக்கு வராமை, குறைந்த தரம் ஆகியவற்றைப் பற்றிப் பெற்றோரின் கைபேசிக்குத் தானியங்கிக் குறுஞ்செய்திகள் போயின. பாடங்களில் தோல்வி 28 விழுக்காடு குறைந்தது. வகுப்பு வருகை 12 விழுக்காடு கூடியது. மாநிலப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணில் மட்டும் மாற்றம் இல்லை. சிலி நாட்டில் வருமானம் குறைந்த பகுதிகளின் பள்ளிகளில், வருகை, நடத்தை, கணிதத் தேர்வு மதிப்பெண் ஆகியவற்றைக் குறுஞ்செய்தியாக அனுப்பியபோது கணிதத் தரம் ஓரளவு உயர்ந்தது.

மேற்கு வர்ஜீனியாவின் முடிவை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வேலையை முடித்தாயா என்று செய்தி போனால், பிள்ளை வேலையை முடிக்கிறது. வகுப்புக்குப் போனாயா என்று போனால், போகிறது. புரிந்ததா என்பது பற்றி அந்தச் செய்திகளில் எதுவும் இல்லை. அதனால்தான் தேர்வு மதிப்பெண் அசையவில்லை என்பது என் ஊகம். இயற்கணிதத்தில் பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்பதைத் தானியங்கி எழுத முடியாது. நோட்டைப் பார்த்தவர்தான் எழுத முடியும்.

சிக்கல்கள்

மூன்று வகுப்புகளுக்கும் ஒருவரே கணிதம் எடுக்கும் பள்ளியில், வாரந்தோறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிச்சீட்டு எழுத முடியுமா என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரு வாரத்தில் ஒரு பாடப்பகுதியில் வகுப்பு முழுதும் செய்யும் பிழைகளைத் தொகுத்தால், அவை நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும். மாறுபட்ட உறுப்புகளைச் சேர்ப்பது, கெழுவைக் கழிப்பது, 7 − (க − 2) போன்றவற்றில் அடைப்புக்குறியை நீக்கும்போது உள்ளே இருக்கும் குறியை மாற்றாமல் விடுவது, வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றத் தெரியாதது எனப் பிரித்து, வகைக்கு ஒரு நடுப்பகுதியை எழுதிப் படியெடுத்துவிட்டேன். வியாழக்கிழமை நோட்டுத் திருத்தும்போதே யாருக்கு எது என்று குறித்துக்கொண்டால் போதும். எல்லாம் சரியாகச் செய்யும் பிள்ளைகளுக்கும் சீட்டு உண்டு. அவர்களின் பெற்றோருக்கும் செய்தி போக வேண்டும்.

ஒடிசாவிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் குடும்பத்தின் பையன் ஒருவனும் இந்த வகுப்பில் இருக்கிறான். தமிழ் வழியில் நன்றாகவே படிக்கிறான். பெற்றோருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. சீட்டை அவனே படித்துச் சொல்ல வேண்டும். தனக்கு வராததைத் தன் வாயாலேயே தந்தையிடம் சொல்வது பிள்ளைக்குக் கடினம், அந்த வரியை விழுங்கிவிடலாம். அந்த வீட்டுக்கு மட்டும் தந்தையின் எண்ணுக்குச் சுருக்கமான குரல் பதிவு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை கணக்கில் இருப்பதெல்லாம் எண்கள் என்பதால், அதில் மொழி குறுக்கே வரவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண் பட்டியலைப் போடும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையின் நிலை அந்தப் பிள்ளைக்கும் அதன் பெற்றோருக்கும் உரியது. தெருவில் எல்லோரும் பார்த்த மதிப்பெண், தாய்க்கு அவமானமாகத்தான் போய்ச் சேரும். அவமானத்திலிருந்து எந்தக் கணக்கும் வராது. பொதுக் குழுவில் போடத் தக்கது அந்த வாரப் பாடத்தின் பெயரும் வீட்டுப்பாடமும் மட்டுமே.

பருவ இறுதியில்

தொகுத்தறி மதிப்பீட்டில் மாணவி எழுதிய சமன்பாட்டுக் கணக்குகள் ஒவ்வொன்றின் கீழும், வினாத்தாளில் கேட்காதபோதும், விடையைப் பொருத்திப் பார்த்த வரி இருந்தது. ஓரிடத்தில் கெழுவைக் கழித்து எழுதி, பொருத்திப் பார்த்து, அடித்துவிட்டுச் சரியாக எழுதியிருந்தார். அந்த அடித்த வரிதான் அந்தத் தாளில் எனக்கு மிகுந்த நிறைவு தந்தது. வாக்கியக் கணக்குகள் இன்னும் வரவில்லை. கூலி, விலை என்று பழகிய சூழலில் சமன்பாடு அமைப்பவர், தந்தை வயது மகன் வயது என்று மாறினால் தடுமாறுகிறார். ஒட்டுமொத்தத் தரம் ஒரு படி உயர்ந்திருக்கிறது. அது சீட்டால் மட்டும் வந்தது என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. அந்த வாரங்களில் வகுப்பில் நான் கற்பித்த முறையும் மாறியிருந்தது.

தரநிலை அட்டையை வாங்க, தாய் ஷிப்டுக்கு முன்பாகக் காலையில் வந்தார். தர எழுத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. “வயசுக் கணக்கு மட்டும் இன்னும் வரலீங்களா டீச்சர்?” என்று கேட்டார். அட்டை கைக்கு வருவதற்கு முன்பே அவருக்கு அது தெரிந்திருந்தது.

அடுத்த பருவத்தில் சீட்டின் கீழ்ப்பகுதியை வாக்கியக் கணக்குக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். அங்கே விடையைச் சமன்பாட்டில் பொருத்தினால் போதாது. சமன்பாடே தவறாக அமைந்திருந்தால் தவறான விடையும் அதில் பொருந்திவிடும். விடையைக் கதையில் வைத்துப் பார்க்க வேண்டும்: மகனுக்கு இந்த வயது என்றால் தந்தைக்கு எத்தனை, சொன்னபடி கூட்டுத்தொகை வருகிறதா என்று பிள்ளை வாயால் சொல்ல, பெற்றோர் கேட்க வேண்டும். அப்படியொரு சீட்டை எழுதி, முதலில் இந்த மாணவியின் வீட்டுக்கும் ஒடியாக் குடும்பத்துக்கும் அனுப்ப இருக்கிறேன்.